மீன் தொட்டி மோட்டரைச் சுத்தம் செய்வோம்

(கற்றுக்கொள்வோம் பகுதி)



லயன் வீடுகளில் ஸ்தோப்புப் பக்கம் ஒரு கண்ணாடி மீன் தொட்டி இருப்பது இன்றைக்குப் புதுமை இல்லை. சில வீடுகளில் பிள்ளைகளின் ஆசைக்காக இரண்டு தங்கமீன் நீந்தும். வேறு சில வீடுகளில் அக்காமார் கப்பி, மொலி குஞ்சுகளை வளர்த்து டவுன் கடைக்குக் கொடுத்து, கொழுந்துச் சம்பளத்தோடு சின்ன வருமானம் ஒன்றும் தேடிக்கொள்கிறார்கள். பிள்ளையின் கொப்பி, பென்சில் செலவுக்கு அந்தக் காசு உதவுகிறது.

இப்படி வளர்க்கிறவர்கள் நம்மிடம் வந்து சொல்லும் முறைப்பாடு பெரும்பாலும் ஒன்றுதான். "ஐயா, ராத்திரி எல்லா மீனும் நல்லாத்தான் இருந்துச்சு. காலையில பெரட்டுக்குப் போக எழும்பிப் பார்த்தா எல்லாம் மிதக்குது. மோட்டர் நின்னு போச்சு." மோட்டர் எரிந்துவிட்டது என்று நினைத்து அதை வீசிவிட்டுப் புதியது வாங்குகிறார்கள். உண்மையில் பல மோட்டர்களில் எரிவு ஒன்றும் இருக்காது. உள்ளே சளி போல அழுக்குப் பிடித்துச் சக்கரம் சுற்ற முடியாமல் நின்றிருக்கும். பதினைந்து நிமிட வேலையில் திருத்தக்கூடிய காரியம் அது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் உண்டு. தண்ணியும் கரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற இடம் இது. மீன் செத்தால் வேறு மீன் வாங்கலாம். பிள்ளையின் கையில் கரண்ட் பாய்ந்தால் என்ன செய்வது? ஆகவே இந்தப் பாடத்தை வீட்டில் உள்ள எல்லோரும் சேர்ந்து வாசியுங்கள். வாசிக்கத் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் வாசித்துச் சொல்லுங்கள்.

மோட்டர் எதற்காக?

மீனும் நம்மைப் போல மூச்சு விடுகிறது. தண்ணியில் கரைந்திருக்கும் ஒட்சிசனைத்தான் அது செவுளால் எடுக்கிறது. ஓடையில் தண்ணி கல்லில் மோதி ஓடுவதால் காற்று தானாகக் கலக்கும். கண்ணாடித் தொட்டியில் தண்ணி அசையாமல் நிற்கிறது. மோட்டர் தண்ணியை இழுத்து மேலே விடும்போது மேற்பரப்பு அலைகிறது, அப்போது ஒட்சிசன் உள்ளே போகிறது. இது முதல் வேலை.

இரண்டாவது வேலை, தண்ணியைச் சுத்தமாக வைப்பது. மீனின் கழிவிலும் மிஞ்சிய தீனியிலும் இருந்து அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாத நல்ல பக்டீரியாக்கள் மோட்டரோடு சேர்ந்த ஸ்பொஞ்சில் குடியிருந்து இந்த அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும், பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் மீனுக்குக் கெடுதல்தான். கடைசியில் வரும் நைத்திரேற்று அந்தளவு கெடுதல் இல்லை, தண்ணி மாற்றும்போது வெளியே போய்விடும். புதுத் தொட்டியில் இந்தப் பக்டீரியாக்கள் போதிய அளவு பெருக ஏறக்குறைய 4 முதல் 6 வாரம் எடுக்கும். குளிர் கூடிய மேல் மலைத் தோட்டங்களில் இன்னும் கொஞ்சம் சுணங்கும். தண்ணி ஓட்டம் நின்றால் பக்டீரியாவுக்கும் ஒட்சிசன் இல்லை, அதுவும் சாகும். மோட்டர் நின்றால் மீனுக்கு இரண்டு பக்கத்தாலும் அடி விழுகிறது என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

மோட்டருக்குள் என்ன இருக்கிறது?

தண்ணிக்குள் வைக்கும் சின்ன மோட்டரைத்தான் முதலில் பார்ப்போம். அதில் உள்ள பாகங்கள்:

1. உடம்பு: இதற்குள் செப்புக் கம்பிச் சுருள் இருக்கிறது. தண்ணி புகாதபடி பசை ஊற்றி இறுக்கி மூடியிருப்பார்கள். இதை நாம் ஒருபோதும் திறக்கக் கூடாது.

2. வாய்ச் சல்லடை: தண்ணி உள்ளே போகும் இடம். பெரிய குப்பையைத் தடுக்கும்.

3. ஸ்பொஞ்ச்: அழுக்கைப் பிடிக்கும், நல்ல பக்டீரியாவின் வீடும் இதுதான்.

4. சக்கரம்: சின்ன இதழ்கள் கொண்ட விசிறி. அதன் வாலில் உருளையான காந்தம் ஒன்று இருக்கும்.

5. அச்சு: சக்கரம் சுற்றும் மெல்லிய ஊசி. பெரும்பாலும் வெள்ளைப் பீங்கான் போன்ற பொருளால் செய்தது. கீழே விழுந்தால் உடைந்துவிடும். இரண்டு முனையிலும் சின்ன ரப்பர் குமிழ் இருக்கும்.

6. வெளிவாய்: தண்ணி வெளியே வரும் குழாய்.

செப்புச் சுருளில் கரண்ட் பாயும்போது அது காந்தமாகிறது. நமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட், ஒரு செக்கனுக்கு 50 சுற்று. அந்தச் சுற்றுக்கு ஏற்றபடி காந்த வால் இழுபட்டுச் சுழல்கிறது, அதோடு சக்கரமும் சுழல்கிறது. கம்பியும் தண்ணியும் ஒன்றை ஒன்று தொடாமலே வேலை நடக்கிறது. அதனால்தான் பசை மூடியும் கம்பித் தோலும் வெடிக்காமல் இருக்கும் வரை தண்ணிக்குள் இதை வைக்க முடிகிறது.

சக்கரத்துக்கு எண்ணெய் தேவையில்லை. அதைச் சுற்றியுள்ள தண்ணியே எண்ணெய் போல வழுக்கிக் கொடுக்கிறது, சூட்டையும் தணிக்கிறது. தொட்டியில் தண்ணி குறைந்து மோட்டர் வெளியே தெரியும்படி ஓடினால் சூடேறிக் கெட்டுப்போகும். ஆகவே தண்ணி மட்டத்தை நாள்தோறும் பாருங்கள்.

முதலில் கரண்ட்: மீறக்கூடாத விதிகள்

• தொட்டிக்குள் கை வைக்க முன்பு, தொட்டியில் உள்ள எல்லா மின்சாரச் சாமான்களின் பிளக்கையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நிறுத்துவது போதாது.

• பிளக் இல்லாமல் இரண்டு வெறும் கம்பியைச் சொக்கட்டில் செருகி நெருப்புக் குச்சியால் இறுக்கி வைக்கும் பழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. இதை இன்றைக்கே நிறுத்துங்கள். ஒரு பிளக்கின் விலையை ஓர் உயிரோடு ஒப்பிட முடியுமா?

• கம்பி பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலே ஏறிப் பிளக்குக்குப் போகவேண்டும். கம்பி வழியே தண்ணி வழிந்தால் அந்த வளைவிலிருந்து நிலத்தில் சொட்டிவிடும், சொக்கட்டுக்குள் போகாது.

• கம்பி வெட்டுப்பட்டாலோ, எலி கடித்தாலோ, டேப் சுற்றித் தண்ணிக்குள் போடாதீர்கள். அந்த மோட்டரின் காலம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் எடுத்துச் செருகாதபடி கம்பியை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

• மோட்டரைக் கம்பியில் பிடித்துத் தூக்காதீர்கள். உடம்பைப் பிடித்துத் தூக்குங்கள்.

• வீட்டில் 30 மில்லி அம்பியர் டிரிப் சுவிட்ச் இருந்தால் மாதம் ஒருமுறை அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். உடனே விழவேண்டும். விழாவிட்டால் தகுதியான மின் வேலைக்காரரிடம் காட்டுங்கள். டிரிப் சுவிட்ச் இல்லாத வீட்டில் தொட்டி மோட்டர் வைப்பதற்கு முன்பு அதைப் பொருத்திக்கொள்வதே முறை.

• இடி மின்னல் நேரத்தில் பிளக்கைக் கழற்றி வையுங்கள். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேர மழையோடு மின்னல் கூடுதல் என்பது நமக்குத் தெரிந்ததுதானே. வானம் கறுத்தவுடனே கழற்றுங்கள், மின்னல் தலைக்கு மேலே வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

யாருக்காவது கரண்ட் பிடித்தால் ஓடிப்போய் ஆளைத் தொடாதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை நிறுத்துங்கள். அது முடியாவிட்டால் காய்ந்த தடி அல்லது பலகையால் கம்பியைத் தள்ளிவிடுங்கள். பிறகு 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், தோட்ட வைத்திய நிலையத்துக்கும் ஆள் அனுப்புங்கள்.

சுத்தம் செய்யும் முறை

வேண்டிய சாமான்கள்: ஒரு வாளி, ஒரு சின்னக் கோப்பை, பழைய பல் துலக்கும் பிரஷ் ஒன்று, துடைக்கும் துணி. குழாய்க்குள் விட மெல்லிய பிரஷ் கிடைத்தால் நல்லது.

வாளி விஷயத்தில் கவனம். களைநாசினி, பூச்சிமருந்து, உரம் கலந்த வாளியை, எத்தனை தரம் கழுவியிருந்தாலும், இதற்கு எடுக்க வேண்டாம். மருந்து வெறும் துளி இருந்தாலும் மீன் தாங்காது. மருந்து அடிக்கும் வேலைக்குப் போனவர்கள் குளித்து உடுப்பு மாற்றாமல் தொட்டியில் கை வைக்கக் கூடாது. மீனுக்கென்று ஒரு வாளியை ஒதுக்கி, மேலே பெயின்றால் "மீன்" என்று எழுதி வையுங்கள்.

1. பிளக்கைக் கழற்றுங்கள்.

2. தொட்டித் தண்ணியில் அரை வாளி அள்ளி வையுங்கள். ஸ்பொஞ்ச் கழுவ இது வேண்டும்.

3. மோட்டரை மெதுவாக எடுத்துக் கோப்பையில் வையுங்கள். வேகமாக இழுத்தால் ஸ்பொஞ்ச் அழுக்கு தொட்டி முழுக்கக் கலங்கிவிடும்.

4. ஸ்பொஞ்சைக் கழற்றி, வாளியில் உள்ள தொட்டித் தண்ணிக்குள் நான்கைந்து தரம் பிழியுங்கள்.

5. வாய்ச் சல்லடையையும் முன் மூடியையும் கழற்றுங்கள். சில மோட்டரில் சும்மா இழுத்தால் வரும், சிலவற்றில் கொஞ்சம் திருப்ப வேண்டும். வராவிட்டால் கத்தி வைத்து நெம்பாதீர்கள். வெதுவெதுப்பான தண்ணியில் கொஞ்ச நேரம் ஊறவிட்டால் சளி இளகி வரும்.

6. சக்கரத்தின் இதழைப் பிடித்து நேராக வெளியே இழுங்கள். காந்தம் பிடித்திருப்பதால் கொஞ்சம் இழுபடும், பயப்படாதீர்கள். கோணலாக இழுத்தால் அச்சு முறியும். ரப்பர் குமிழ் கீழே விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது காணாமல் போவதால்தான் பல மோட்டர் சத்தம் போடுகிறது.

7. சக்கரத்தையும் காந்தத்தையும் பிரஷால் துலக்குங்கள். இதழில் சுற்றிய தலைமுடி, பாசி நார் எல்லாவற்றையும் எடுங்கள்.

8. சக்கரம் இருந்த குழிக்குள் பிரஷை விட்டுச் சுழற்றுங்கள். அழுக்குக் கூடுதலாக உறைந்திருப்பது இங்கேதான். அவசரத்தில் பலர் விட்டுவிடும் இடமும் இதுதான்.

9. வெளிவாய்க் குழாயையும், காற்று இழுக்கும் சின்னக் குழாய் இருந்தால் அதையும், நல்ல தண்ணி விட்டுக் கழுவுங்கள்.

10. எடுத்த ஒழுங்குக்கு மாறாகப் பூட்டுங்கள். மூட முன்பு சக்கரத்தை விரலால் சுற்றிப் பாருங்கள். உரசல் இல்லாமல் சுற்ற வேண்டும்.

11. மோட்டரைத் தண்ணிக்குள் முழுதாக அமிழ்த்தி, சாய்த்து, உள்ளே உள்ள காற்றை வெளியே விடுங்கள். கையை எடுத்துத் துடைத்த பிறகே பிளக்கைப் போடுங்கள்.

சவர்க்காரம், சலவைத் தூள், பாத்திரம் கழுவும் திரவம் ஒன்றும் பாவிக்கக் கூடாது. ஸ்பொஞ்சில் தங்கி மீனின் செவுளைக் கெடுக்கும்.

யாழ்ப்பாணம் போன்ற சுண்ணாம்பு நிலப் பகுதிகளில் கிணற்றுத் தண்ணி கடினமானது. அங்கே மோட்டரில் வெள்ளைப் பொருக்குப் படியும். மலைநாட்டு ஊற்றுத் தண்ணி பெரும்பாலும் மென்மையானது. நமக்கு வருவது சளியும் வண்டலும் இலைத் தூளும்தான், பிரஷே போதும். வெள்ளைப் பொருக்கு இருந்தால் மட்டும், வெள்ளை வினாகிரி ஒரு பங்கும் தண்ணி ஒரு பங்கும் கலந்து, சக்கரத்தையும் மூடியையும் அரை மணித்தியாலம் ஊறப்போட்டு, நல்ல தண்ணியில் பல தரம் அலசுங்கள்.

ஸ்பொஞ்சைப் பற்றி ஒரு வார்த்தை

"நல்லா வெள்ளையா வரும்வரைக்கும் கழுவினேன், ஆனா மறுநாள் மீன் சோர்ந்து போச்சு" என்று ஒரு அக்கா சொன்னார். காரணம் அந்த வெள்ளைதான். கண்ணாடி போல் கழுவினால் நல்ல பக்டீரியாவும் அழுக்கோடு போய்விடும். நீர்வழங்கல் சபைக் குழாய்த் தண்ணியில் குளோரின் இருக்கிறது, அது பக்டீரியாவைக் கொல்வதற்கென்றே போடுவது. ஆகவே ஸ்பொஞ்சைத் தொட்டித் தண்ணியில் மட்டும் கழுவுங்கள். தண்ணி ஓடக்கூடிய அளவுக்கு அழுக்குப் போனால் போதும், நிறம் மண்ணிறமாகவே இருக்கட்டும். இரண்டு துண்டு இருந்தால் ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் கழுவுங்கள்.

தொட்டிக்குப் புதிதாக ஊற்றும் குழாய்த் தண்ணியை வாய் அகன்ற வாளியில் ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பெரும்பகுதி போய்விடும். பீலித் தண்ணியில் குளோரின் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. ஆனால் பீலிக்கு மேலே உள்ள மலையில் மருந்து அடித்த நாட்களில் அந்தத் தண்ணியை எடுக்க வேண்டாம். கழுவிய அழுக்குத் தண்ணியை வீசாதீர்கள். லெட்டூஸ், கோவா, வெங்காயத்தாள் பாத்திக்கு நல்ல பசளை.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை? போத்தல் கணக்கு

ஸ்பொஞ்சை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பிழியலாம். சக்கரத்தை மாதம் ஒரு தடவை கழற்றிக் கழுவினால் நல்லது. மீன் கூடுதலாக உள்ள தொட்டிக்கு இன்னும் சீக்கிரம் தேவைப்படும். இதை ஊகத்தில் விடாமல் அளந்தே பார்க்கலாம்.

வெளிவாய்க் குழாயை ஒரு லீட்டர் போத்தலுக்குள் விட்டு, நிரம்ப எத்தனை செக்கன் எடுக்கிறது என்று பாருங்கள். 3600ஐ அந்தச் செக்கனால் பிரித்தால் ஒரு மணித்தியாலத்துக்கு எத்தனை லீட்டர் என்று வரும். 15 செக்கன் எடுத்தால் 240 லீட்டர். 30 செக்கன் எடுத்தால் 120 லீட்டர்.

ஒரு தொட்டித் தண்ணி மணித்தியாலத்துக்கு நான்கு தடவையாவது மோட்டர் வழியே சுற்ற வேண்டும் என்பது பொதுக் கணக்கு. 60 சென்ரிமீற்றர் நீளம், 30 அகலம், 30 உயரம் உள்ள தொட்டி விளிம்பு மட்டும் நிரம்பினால் 54 லீட்டர். அதற்கு 200 லீட்டருக்குக் கிட்ட ஓட்டம் வேண்டும். மோட்டர் புதிதாக இருக்கும்போது எடுத்த செக்கனை ஒரு துண்டில் எழுதித் தொட்டியில் ஒட்டுங்கள். அது ஒன்றரை மடங்கு கூடினால் கழுவும் நாள் வந்துவிட்டது. எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்ல கணக்குப் பயிற்சியும் ஆகும்.

"ராத்திரி பகலா ஓடினா கரண்ட் பில் கூடுமே" என்பார்கள். 5 வொட் மோட்டர் 24 மணித்தியாலம் ஓடினால் 120 வொட் மணித்தியாலம். 30 நாளைக்கு 3600, அதாவது 3.6 யூனிட் மட்டுமே. மிச்சம் பிடிக்க நினைத்து ராத்திரியில் நிறுத்தாதீர்கள். தொட்டியில் பாசிச் செடி இருந்தால் ராத்திரியில் அதுவும் ஒட்சிசனைச் செலவழிக்கும், அப்போதுதான் மோட்டர் கூடுதலாகத் தேவை.

காற்று மோட்டர் வைத்திருப்பவர்களுக்கு

வெளியே வைத்துக் குழாயால் காற்று விடும் மோட்டரில் சக்கரம் கிடையாது. அதற்குள் ஒரு ரப்பர் தோல் துடித்துக் காற்றைத் தள்ளுகிறது. இதைத் தண்ணி மட்டத்துக்கு மேலே ஒரு தட்டில் வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போன நேரம் தொட்டித் தண்ணி குழாய் வழியே பின்னுக்கு வந்து மோட்டருக்குள் புகும். கீழேதான் வைக்க வேண்டும் என்றால் குழாயில் ஒருவழி வால்வு பொருத்துங்கள். அதன் விலை சொற்பம்.

காற்று குறைந்தால் முதலில் தண்ணிக்குள் இருக்கும் நுரைக்கல்லைக் கழற்றிப் பாருங்கள். கல் இல்லாமல் காற்று நன்றாக வந்தால் கல்தான் அடைத்திருக்கிறது, மாற்றுங்கள். அப்போதும் வராவிட்டால் ரப்பர் தோல் வெடித்திருக்கும். சில மோட்டர்களுக்கு அந்தத் தோல் தனியாகவும் கிடைக்கும். மோட்டரின் அடியில் சின்னப் பஞ்சுத் துண்டு இருந்தால் தூசி தட்டி விடுங்கள். அடுப்புப் புகை படும் இடத்தில் வைக்க வேண்டாம்.

கோளாறும் காரணமும்

• சத்தம் வருகிறது, தண்ணி குறைவு: உள்ளே காற்று நிற்கிறது, அல்லது சக்கரத்தில் நார் சுற்றியிருக்கிறது.

• கடகட என்று அடிக்கிறது: ரப்பர் குமிழ் இல்லை, அல்லது அச்சு தேய்ந்து அல்லது முறிந்துவிட்டது.

• உம் என்ற ஓசை மட்டும், சுற்றவில்லை: சக்கரம் இறுகிவிட்டது. பிளக்கைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். காந்தம் வீங்கி வெடித்திருந்தால் சக்கரத்தை மாற்ற வேண்டும்.

• ஓசையும் இல்லை: சொக்கட்டில் வேறு சாமான் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். கரண்ட் வந்தும் மோட்டர் அசையாவிட்டால் சுருள் எரிந்துவிட்டது.

• மோட்டர் போட்டவுடன் டிரிப் விழுகிறது: தண்ணி உள்ளே புகுந்துவிட்டது. மறுபடி போட்டுப் பார்க்கவே கூடாது.

கடைக்குப் போகும்போது பழைய சக்கரத்தைக் கையோடு கொண்டுபோங்கள். பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் அளவு மாறும்.

கரண்ட் போனால்

மழைக்காலத்தில் மரம் விழுந்து ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லாமல் போவது உண்டு. அப்போது மீனுக்குத் தீனி போடாதீர்கள். ஒரு நாள் பட்டினியால் வளர்ந்த மீன் சாகாது. மூடியைத் திறந்து, சுத்தமான கோப்பையால் தண்ணியை அள்ளி ஒரு முழம் உயரத்திலிருந்து திரும்ப ஊற்றுங்கள். அரை மணிக்கு ஒரு தரம் சில நிமிடம் செய்தால் போதும். வீட்டில் இருக்கும் பாட்டியும் பிள்ளைகளும் செய்யலாம். மின்கலத்தில் ஓடும் சின்னக் காற்று மோட்டரும் கடைகளில் உண்டு. விற்பனைக்கு வளர்ப்பவர்கள் ஒன்று வாங்கி வைப்பது நல்லது.

பல மணித்தியாலம் கழித்துக் கரண்ட் வந்தால் உடனே போடாதீர்கள். மூடிய பெட்டிக்குள் இருக்கும் ஸ்பொஞ்சில் தண்ணி கெட்டு நாறியிருக்கும். அதைப் பிழிந்து அலசிய பிறகு ஓட விடுங்கள்.

வருமானத்துக்கு வளர்க்க நினைப்பவர்களுக்கு

நுவரெலியா, தலவாக்கலை போன்ற குளிர் இடங்களுக்குத் தங்கமீனும் கோய் மீனும் ஒத்துவரும். கப்பிக்கு 24 பாகைக்குக் கிட்டச் சூடு இருந்தால்தான் நன்றாகப் பெருகும், ஆகவே இரத்தினபுரி, கேகாலை, களுத்துறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு அது சுகம். அலங்கார மீன் வளர்ப்பு பற்றிய ஆலோசனைக்கு 'நக்டா' என்று சொல்லப்படும் தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகாரசபையை அணுகலாம்.

வேண்டாத மீனை ஓடையிலோ குளத்திலோ விடாதீர்கள். 'டேங்க் கிளீனர்' என்ற மீன் இப்படித்தான் நமது நாட்டு நீர்நிலைகளில் பெருகி உள்ளூர் மீனுக்குத் தொல்லையாக இருக்கிறது.

உங்களைச் சோதித்துப் பாருங்கள்

1. தொட்டியில் கை வைக்க முன்பு செய்ய வேண்டியது என்ன?
2. ஸ்பொஞ்சை ஏன் குழாய்த் தண்ணியில் கழுவக் கூடாது?
3. ஒரு லீட்டர் போத்தல் 20 செக்கனில் நிரம்பினால் மணித்தியாலத்துக்கு எத்தனை லீட்டர்?
4. டிரிப் விழுத்தும் மோட்டரை என்ன செய்ய வேண்டும்?

விடைகள்: 1. எல்லாப் பிளக்கையும் கழற்ற வேண்டும். 2. குளோரின் நல்ல பக்டீரியாவைக் கொல்லும். 3. 180 லீட்டர். 4. மறுபடி போடாமல், கம்பியை வெட்டி அப்புறப்படுத்த வேண்டும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நேரத்தில் குடும்பமாக உட்கார்ந்து மோட்டரை ஒரு தரம் கழற்றிப் பூட்டிப் பாருங்கள். பிள்ளைகள் பூட்டட்டும், பிளக்கை மட்டும் பெரியவர் ஒருவரே போடட்டும். சந்தேகம் இருந்தால் உங்கள் டிவிஷன் நலன்புரி உத்தியோகத்தரிடம் மோட்டரோடு வாருங்கள், சேர்ந்து பார்ப்போம்.